வயிற்றில் கட்டிய பட்டையும் வாய் திறவாத வெட்கமும்

(எருமப்பட்டிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். "எவனோ கொழுத்த பணக்காரன் உடம்பு இளைப்பதற்காக வயிற்றில் ஆபரேஷன் செய்து கொண்டால் அதற்கு எருமப்பட்டியில் ஏன் கூட்டம் போடவேண்டும்? மரவள்ளிக் கிழங்கு விலையைப் பற்றிப் பேசினாலாவது நாலு பேருக்குப் பிரயோஜனம் உண்டே" என்று தோன்றுவது இயற்கைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, நம் தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் இருக்கவேண்டியதற்கு மேற்பட்ட எடையுள்ளவர்களாயிருக்கிறார்கள். இவ்வளவு பேரும் பணக்காரர்களா? லாரி ஓட்டுகிறவரும், கோழிப் பண்ணையில் கணக்கெழுதுகிறவரும், மில்லில் இரவு வேலை செய்கிற பெண்ணும் இதில் அடக்கம். இவர்களிலே சிலர் சர்க்கரை வியாதிக்கும், மூட்டு வலிக்கும், மூச்சு முட்டலுக்கும் பயந்து, சேலம், கோயமுத்தூர், சென்னை என்று போய் ஆபரேஷன் செய்து கொள்ளுகிறார்கள். வெளிதேசத்தில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளும் பெண்களும் அங்கேயே செய்து கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். ஆபரேஷன் நடப்பது பட்டணத்தில். ஆனால் ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்து, நடுராத்திரியில் வாந்தியெடுத்துத் துடிப்பது இந்த எருமப்பட்டியில். அதனால்தான் இங்கே பேசுகிறோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். உடம்பு பருத்தவர்களைப் பார்த்து "தின்று கொழுத்தவன்" என்று ஏசுவதில் அறிவும் இல்லை, யோக்கியதையும் இல்லை. ஒரே பானைச் சோற்றைத் தின்னும் அண்ணன் தம்பிகளில் ஒருவன் குச்சியாகவும் ஒருவன் பீப்பாயாகவும் இருப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? பிறவியில் வந்த உடல் அமைப்பு, உடலில் ஊறும் நீர்கள், தூக்கம், வேலை, சாப்பிடும் மருந்து இத்தனையும் சேர்ந்துதான் எடை. இதை ஒருவருடைய ஒழுக்கக் கேடு என்று நினைத்து ஊரார் கேலி செய்கிறபடியால்தான், ஆபரேஷன் செய்து கொண்டவர் அதை மறைக்கிறார். மறைப்பதனால்தான் ஆபத்து வருகிறது. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறோம்.

எடை குறைக்கும் ஆபரேஷன்கள் பல உண்டு. இரைப்பையை வெட்டிக் குறுக்குவது ஒன்று. குடலை மாற்றித் தைப்பது ஒன்று. நாம் இன்று பேசுவது மூன்றாவதான பட்டை. இரைப்பையின் மேல் பாகத்தைச் சுற்றி, ரப்பர் போன்ற சிலிக்கோன் வளையம் ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். வளையத்துக்கு மேலே ஓர் அவுன்ஸுக்கு மேற்படாத சிறு பைதான் நிற்கும். நாலு கவளத்தில் அது நிறைந்து, போதும் என்ற எண்ணம் வந்துவிடும். நாமக்கல்காரர்களுக்கு இதற்கு மேல் எளிதாக விளக்க உவமை வேண்டியதில்லை. லாரிச் சக்கரத்தில் டியூபும் வால்வும் இருக்கின்றனவே, அதேதான். வளையத்தின் உட்புறத்தில் டியூப்; அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய்; குழாயின் முனையில் வயிற்றுத் தோலுக்கு அடியில் புதைத்த ஒரு சின்ன டப்பி. அந்த டப்பியில் ஊசி குத்திக் காற்றுக்குப் பதில் உப்புநீரை ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். வெட்டுவதில்லை, தைத்து மாற்றுவதில்லை, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்பதே இதன் பெருமை.

இதைக் கண்டவர்கள் யார்? அமெரிக்காவில் லூபோமிர் குஸ்மாக் என்கிற ஸர்ஜன் 1986-இல் இறுக்கவும் தளர்த்தவும் கூடிய பட்டையைப் பயன்படுத்தினார். ஸ்வீடனிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அம்மாதிரி வேலை நடந்தது. வயிற்றைப் பிளக்காமல் சிறு துவாரங்களின் வழியாகவே பட்டையைப் போடும் முறையை 1993-இல் பெல்ஜியத்தில் செய்து காட்டியவர் மிட்டிகு பெலாச்சு என்பவர். இவர் எத்தியோப்பியாவில் பிறந்தவர். (மூளை எந்த நிறத்துத் தோலுக்குள் இருக்கவேண்டும் என்று சட்டம் போடுகிறவர்கள் இதைக் குறித்துக் கொள்ளட்டும்.) 2001-இல் அமெரிக்க சர்க்கார் இதற்கு அனுமதி கொடுத்தது. நம் தேசத்திலும் பெரிய நகரங்களில் போடத் தொடங்கினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 2011-இல் அமெரிக்காவில் நடந்த எடை குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டையாக இருந்தது. எட்டு வருஷத்திற்குள் அது நூற்றுக்கு ஒன்று என்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. ஏன் இறங்கிற்று என்றால், யாரும் சாபம் கொடுத்து இறங்கவில்லை. கணக்கெடுத்துப் பார்த்தார்கள், இறங்கிற்று. பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஸர்ஜன்கள், 1994 முதல் 1997 வரை தாங்களே போட்ட பட்டைகளைப் பன்னிரண்டு வருஷத்திற்கு மேல் கழித்துத் தேடிப் பார்த்து, 2011-இல் கணக்கை வெளியிட்டார்கள். கிடைத்த 82 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பட்டையை எடுத்துவிட வேண்டியதாயிருந்தது. தன் கையால் செய்த வேலையின் குறையைத் தானே அச்சிட்டு உலகத்துக்குக் கொடுக்கிறானே, இந்த நாணயத்துக்குப் பெயர்தான் விஞ்ஞானம். நியாயமாய் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஸர்ஜன்கள் 2013-இல் வெளியிட்ட கணக்கில், மூவாயிரம் பேருக்கு மேல் பட்டை போட்டதில் ஆபரேஷனால் ஒருவர் கூடச் சாகவில்லை என்றும், பதினைந்து வருஷம் ஆனவர்களுக்கும் அதிகப்படியாயிருந்த எடையில் ஏறக்குறையப் பாதி குறைந்தே நின்றது என்றும் கண்டிருக்கிறது. ஆனால் அவர்களும் பலருக்கு மறுபடி கத்தி எடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆகவே பட்டை மோசடியும் அல்ல, மந்திரமும் அல்ல. அது ஒரு யந்திரம். யந்திரத்தை மாட்டிக் கொண்டவர் அதன் கோளாறைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். லாரிக்காரன் வால்வைப் பார்க்காமல் வண்டியை எடுப்பானா?

இதில் விளம்பரக்காரர்கள் செய்த அக்கிரமம் தனி. தெற்குக் கலிபோர்னியாவில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பலகை வைத்து, இளைக்க வேண்டுமா, இந்த நம்பருக்குக் கூப்பிடு என்று பட்டை வியாபாரம் நடந்தது. அங்கே ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் சிலர் இறந்து வழக்குகள் கிளம்பின. ஆபத்தைச் சரியாகச் சொல்லாமல் விளம்பரம் செய்கிறீர்கள் என்று 2011 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து இலாகா எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிற்று. நம் ஊரில் தாயத்து விற்கிறவன் சொல்லுவதற்கும், "ஒரே மணி நேரத்தில் புது வாழ்வு" என்று பலகை எழுதுகிறவன் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் கெடுதலைச் சொல்லமாட்டார்கள்.

நிற்க. இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

ஒரு வீட்டை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். கலியாணத்திற்கு முன் வெளியூரில் பட்டை போட்டுக் கொண்ட பெண். மாமியார் வீட்டில் சொல்லவில்லை. புருஷனுக்கு மாத்திரம் அரைகுறையாகத் தெரியும். மூன்று வருஷம் சுகமாயிருந்தாள். இப்பொழுது மூன்றாம் மாதம் முழுகாமலிருக்கிறாள். வாந்தி ஆரம்பிக்கிறது. "மசக்கைதானே கண்ணு, எங்களுக்கெல்லாம் வராததா? புளிப்பா ஏதாச்சும் தின்னு, சரியாப் போகும்" என்கிறார் மாமியார். பத்து நாள் போகிறது. குடித்த தண்ணீரும் திரும்பி வருகிறது. பக்கத்து வீட்டம்மாள், ஊர்க்கண் பட்டிருக்கிறது என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுகிறார். அடுத்தவர் மந்திரித்த கயிறு கொண்டு வருகிறார். கடைசியில் ஒரு கிளினிக்கில் படுக்க வைத்து, "உடம்பில் தெம்பில்லை" என்று குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிறார்கள். அவளோ, கேட்டால்தானே சொல்லவேண்டும் என்று வாயை மூடிக் கொண்டிருக்கிறாள். வயிற்றில் தெரியும் சின்னத் தழும்புகளைப் பார்த்தவர் குடல்வால் ஆபரேஷன் என்று நினைத்துக் கொள்ளுகிறார்.

இதில் எத்தனை தப்புகள் என்று எண்ணுங்கள். கர்ப்ப காலத்தில் வாந்தி வருவது வாஸ்தவம். ஆனால் பட்டை போட்டவளுக்கு அதே வாந்தி, பட்டை நழுவியதால் வந்திருக்கலாம். அல்லது வாந்தியெடுத்து எடுத்தே பட்டை நழுவியுமிருக்கலாம். நழுவுவது என்றால், பட்டைக்குக் கீழேயிருக்கவேண்டிய இரைப்பைப் பாகம் வளையத்தின் வழியாக மேலே ஏறி வந்து சிக்கிக் கொள்ளுவது. மேலே உள்ள பை பெருத்து, வழி அடைபட்டுப் போகும். அப்பொழுது திடீரென்று சாப்பாடு இறங்காது, நெஞ்சு எரியும், மேல் வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது. சிக்கிய பாகத்துக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் அந்தச் சதை அழுக ஆரம்பிக்கும். கடுமையான, ஓயாத வலியும், நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு நூறுக்கு மேல் போவதும், காய்ச்சலும் சேர்ந்தால் அது மணிக்கணக்கில் பார்க்கவேண்டிய சங்கதி. நாள் கணக்கில் அல்ல. முதல் சிகிச்சை என்ன தெரியுமா? டப்பியில் ஊசி குத்தி உப்புநீரை எடுத்துப் பட்டையைத் தளர்த்திவிடுவது. பல பேருக்கு அந்த ஒரு காரியத்திலேயே உயிர் வரும். வலி நிற்காவிட்டால் ஆபரேஷன். ஆனால் பட்டை இருக்கிறது என்றே தெரியாத டாக்டர் எதைத் தளர்த்துவார்?

வாந்தியெல்லாம் ஆபத்து என்று நாம் பயமுறுத்தவில்லை. பட்டை போட்டவர் புரோட்டாவையோ ஆட்டுக் கறியையோ சரியாய் மெல்லாமல் விழுங்கினால், நெஞ்சில் நின்று கொஞ்ச நேரத்தில் எதுக்களித்து வரும். அது தின்ற விதத்தின் குற்றம். மென்று தின்றால் போகும். தண்ணீர் இறங்கவில்லை, தன் எச்சிலையே விழுங்க முடியவில்லை, நேற்று இறங்கின இட்லி இன்று இறங்கவில்லை என்றால் அது வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இராத்திரியில் படுத்தால் இருமல், தலையணையில் சாப்பாட்டு நீர் வழிதல், அடிக்கடி மார்ச்சளி என்று சிலர் மாதக் கணக்கில் இருமல் மருந்து குடித்துக் கொண்டிருப்பார்கள். பட்டை மிதமிஞ்சி இறுகியிருந்தால் உணவுக்குழாய் வீங்கி, அதில் தங்கின உணவு படுக்கையில் மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். இருமல் மார்பில் இருந்தாலும் காரணம் வயிற்றில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கபடமானது வலியில்லாமல் வருவது. பட்டை மெதுவாக இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போய்விடும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. முன்னெல்லாம் நாலு கவளத்தில் நிறைந்த வயிறு இப்பொழுது ஒரு தட்டுச் சோறு கேட்கும்; எடை மறுபடி ஏறும். வீட்டார், "பார், வாயைக் கட்ட முடியவில்லை" என்பார்கள். அவரும் வெட்கப்பட்டுப் பட்டினி கிடப்பார். சில பேருக்கு, ஆபரேஷன் ஆகிப் பல மாதம் கழித்து, டப்பி இருக்கும் இடத்தில் தோல் சிவந்து சீழ் வைக்கும். அதைச் சாதாரணக் கட்டி என்று கீறிவிட்டுக் களிம்பு தடவினால் ஆறாது. உள்ளே அரித்த வழியாகக் கிருமி குழாயைப் பிடித்துக் கொண்டு வெளியே வந்திருக்கலாம். வாய் வழியாகக் குழாய்க் கண்ணாடி விட்டுப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்தால் பட்டையை எடுத்தே தீரவேண்டும். மலம் தார் போல் கறுத்துப் போனாலும், ரத்த வாந்தி வந்தாலும் இதை நினைக்கவேண்டும். அரிப்பு இல்லாமலே, வெறுமனே குழாய் கழன்றோ ஓட்டை விழுந்தோ உப்புநீர் ஒழுகிப் பட்டை தளர்ந்திருக்கவும் கூடும். பங்க்சர், அவ்வளவுதான். எதுவாயிருந்தாலும், எடை ஏறுவது ஒரு அடையாளம், குற்றப்பத்திரிகை அல்ல.

இனிக் குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றி. நம் ஜனங்களுக்கு அதன் மேல் இருக்கும் பக்தி சாமான்யமானதல்ல. ஆனால் வாரக் கணக்கில் வாந்தியெடுத்தவருக்கு அது கெடுதல் செய்யக்கூடும் என்றால் நம்புவீர்களா? காரணம் சொல்லுகிறோம். ஜாவா தீவில் எய்க்மான் என்ற டச்சு டாக்டர், 1890-ஐ ஒட்டிய வருஷங்களில், ஆஸ்பத்திரிக் கோழிகள் கால் விளங்காமல் தள்ளாடி விழுவதைக் கண்டார். அவற்றுக்குத் தீட்டின வெள்ளை அரிசிச் சோறு போட்டுக் கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த சமையற்காரன், பட்டாளத்து அரிசியைக் கோழிக்குப் போடமாட்டேன் என்று மறுத்துத் தீட்டாத அரிசியைப் போட்டான். கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருக்கும் அந்தச் சத்துதான் பி-1 வைட்டமின். எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. கோழி வளர்த்தே பேர் வாங்கின இந்த ஜில்லாவில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

இந்த பி-1 சத்து மனித உடம்பில் சேமிப்பாக இருப்பது இரண்டு மூன்று வாரத்திற்குத்தான். அத்தனை நாள் வாந்தி நிற்காமலிருந்தால் கையிருப்புத் தீர்ந்துவிடும். குளுக்கோஸை உடம்பு எரிப்பதற்கு பி-1 வேண்டும். ஆகவே இருக்கும் சொச்சத்தையும் அந்தப் பாட்டில் செலவழித்து விடுகிறது. அடி விழுவது மூளையில். கண் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், விழி ஆடும், நடை குடிகாரன் நடை போல் தள்ளாடும், பேச்சு குழறிப் புத்தி தடுமாறும். இந்த மூன்றும் ஒருங்கே வரவேண்டுமென்பதில்லை. ஒன்று வந்தாலே போதும். குடும்பத்தார் "பேய் பிடித்திருக்கிறது" என்று சொல்லுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பேயுமில்லை, பைத்தியமுமில்லை, ஊசியில் ஏற்றக்கூடிய, விலை மலிந்த ஒரு வைட்டமின் இல்லை. தாமதித்தால் ஞாபக சக்தி திரும்பாமலே போய்விடக்கூடும். ஆதலால், பல நாள் வாந்தியெடுத்த பட்டைக்காரருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னாலோ, அதோடு கூடவோ பி-1 ஊசி போடுங்கள் என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். வறட்சிக்கு உப்புநீர் பாட்டில் ஏற்றுவதில் இந்தத் தொல்லை இல்லை. "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டால் கோபித்துக் கொள்ளாதீர்கள், மறுபடியும் கேளுங்கள். டாக்டரைத் தெய்வமாக்கி வாய் பொத்தி நிற்பதும் நாம் விட்டொழிக்கவேண்டிய வழக்கம்தான்.

ஆபரேஷன் ஆன முதல் சில வாரத்தில் வருவது வேறு ரகம். காய்ச்சல், நாடி வேகம், இடது தோளில் வலி, வயிறு கல்லாக இறுகுதல் இவை இரைப்பையில் துவாரம் விழுந்ததைக் காட்டலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, திடீரென்று மூச்சு வாங்கினால், காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இவற்றுக்கு 108 வண்டிதான், தள்ளிப்போடுவதற்கில்லை.

கோளாறு வருவது பதவியையும் பணத்தையும் பார்த்து அல்ல. 2014-இல் மத்திய நிதி மந்திரியாயிருந்த அருண் ஜெய்ட்லி டில்லியில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்து கொண்டு, பின்னர் கோளாறு ஏற்பட்டு எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார். அது பட்டை ஆபரேஷன் அல்ல; ஆனால் அடையாளம் தெரிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். 2024 ஏப்ரலில் சென்னையையடுத்த பம்மலில் எடை குறைப்பு ஆபரேஷனுக்காகப் படுத்த ஒரு வாலிபர் உயிரிழந்தார். சர்க்கார் விசாரித்து அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் அனுமதியை நிறுத்தி வைத்தது. ஆகையால் ஆபரேஷனுக்குப் போகிறவர், கட்டணத்தைக் கேட்பதற்கு முன், "ராத்திரி இரண்டு மணிக்கு உயிருக்கு ஆபத்து வந்தால் இங்கே பார்க்க ஆளும் கருவியும் உண்டா?" என்று கேட்கவேண்டும்.

வெட்கத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னோமல்லவா? மருந்துச் சீட்டை விட முக்கியம் அது. கண்ணாடி போட்டுக் கொள்ளுகிறவன் வெட்கப்படுகிறானா? பல் கட்டிக் கொண்டவன் ஒளிக்கிறானா? பட்டை போட்டதை மட்டும் ஏன் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் மறைக்கவேண்டும்? வீட்டில் சொல்ல முடியாவிட்டாலும், ஒரு காகிதத்தில் "எனக்கு இரைப்பையில் பட்டை இருக்கிறது, போட்ட வருஷம் இது, போட்ட ஆஸ்பத்திரி இது, பட்டையின் பெயர் இது, கடைசியாக ஏற்றின நீரின் அளவு இது" என்று எழுதிப் பர்ஸில் வையுங்கள், கைபேசியிலும் வையுங்கள். மயக்கமாய்க் கிடந்தாலும் அந்தக் காகிதம் பேசும். இவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பட்டையைத் தளர்த்த முடியாமலிருக்கலாம். ஆனால் காகிதத்தைப் பார்த்தால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ அனுப்பவேண்டும் என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும். 2022 முதல் நாமக்கல்லிலேயே சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னும் இரண்டொன்று. டப்பியில் குத்த விசேஷமான ஊசி உண்டு. சாதாரண ஊசியால் கண்டவர் குத்தினால் டப்பி ஒழுகும். மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைப் பட்டைக்காரர் தின்னக்கூடாது. இரைப்பைப் புண்ணுக்கு அது நேர் வழி. கர்ப்பமானால், வாந்தி வரும்வரை காத்திராமல் முதலிலேயே பட்டை போட்ட டாக்டரிடம் சொல்லி, தளர்த்தவேண்டுமா என்று கேட்டுக் கொள்ளவேண்டும். பிள்ளைக்கும் தாய்க்கும் சாப்பாடு இறங்கவேண்டுமல்லவா?

ஒரு தோழர் சீட்டு எழுதியனுப்பியிருக்கிறார். "பட்டை போட்டு எட்டு வருஷமாகிறது, ஒரு தொந்தரவும் இல்லை, நீங்கள் பேசியதைக் கேட்டால் எடுத்துவிடலாம் போலிருக்கிறது, எடுத்துவிடலாமா?" என்கிறார். பெயர் எழுதாவிட்டாலும் சபையில் கேட்டாரே, அவருடைய தைரியத்தைப் பாராட்டுகிறோம். தொந்தரவில்லாத பட்டையைப் பயத்தினால் எடுக்கவேண்டியதில்லை; எடுப்பதும் ஓர் ஆபரேஷன்தான், எடுத்தபின் எடை ஏறுவதும் சகஜம். வருஷத்துக்கு ஒரு தரம் போட்ட இடத்திலோ, இந்த வேலை தெரிந்த வேறு ஸர்ஜனிடமோ காட்டி, ரத்தத்தில் இரும்புச் சத்தும் பி-12-ம் எவ்வளவு என்று பார்த்துக் கொள்ளட்டும். கடைசியாகக் காட்டினது எந்த வருஷம் என்று அவர் சீட்டில் எழுதவில்லை. கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தால், அந்தக் காகிதத்தில் என்னென்ன எழுதவேண்டும் என்பதை உட்கார்ந்து எழுதிக் கொடுக்கத் தயாராயிருக்கிறோம்.